அப்பாவைத் தவிர எல்லோரிடமும் சொன்னார்கள்

என் அப்பா 2024 ஜனவரி 7ஆம் தேதி இறந்தார். கணையத்தில் புற்றுநோய். முதல் ஸ்கேன் எடுத்த நாளிலிருந்து நாலரை மாதம். செலவு 7,42,000 ரூபாய். ஒவ்வொரு ரசீதும் என்னிடம் இருக்கிறது. கண்டுபிடிக்கும்போதே நோய் முற்றியிருந்தது, அதை யாராலும் மாற்றியிருக்க முடியாது என்று இப்போது தெரிகிறது. ஆனால் அந்தப் பணத்தில் பெரும்பகுதியும், அப்பா எழுந்து நடமாடிய நாட்களில் பாதியும் நாங்கள் பேசிக்கொள்ளாததால் போயின. டாக்டர் சொன்னது எனக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கவில்லை என்பது டாக்டருக்குத் தெரியவில்லை. அப்பாவிடமோ யாருமே எதுவும் சொல்லவில்லை. என் கணவர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார், தம்பி திருப்பூரில் இருக்கிறான், அம்மாவுக்கு முழங்கால் வலி. ஆஸ்பத்திரிக்கு அலைந்தது நான் ஒருத்திதான். அப்போது யாராவது என்னை உட்காரவைத்து இதையெல்லாம் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். இதே வரிசையில் இன்று டோக்கனோடு நிற்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

அப்பா சிவகாசியில் ஒரு அச்சகத்தில் 37 வருஷம் பைண்டிங் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஆடி 18 வந்துவிட்டால் வீட்டில் இருக்க மாட்டார். அன்றைக்குத்தான் அடுத்த வருஷத்து காலண்டர் ஆல்பம் வெளியாகும், சீசன் தொடங்கும். 2023இல் அந்த நாளில் அவர் போகவில்லை. உடம்பெல்லாம் அரிப்பு, கண் மஞ்சள். ஊரில் எல்லோரும் சொன்னபடி கீழாநெல்லி அரைத்து மோரில் கலந்து கொடுத்தோம், உப்பு, எண்ணெயை நிறுத்தினோம். மூன்று வாரம் போனது. மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போகிறது என்பதை அப்பா அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார், அம்மா என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறார். மஞ்சள் காமாலையோடு கடுமையான அரிப்பும், வெளுத்த மலமும், கறுத்த சிறுநீரும் சேர்ந்து வந்தால் பித்தநாளத்தில், அதாவது கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் போகும் குழாயில், அடைப்பு இருக்கலாம். அதற்கு முதலில் தேவை ஸ்கேன். இது எனக்குத் தெரிந்தது ஆகஸ்ட் 25ஆம் தேதி, ஸ்கேன் அறையில் அந்த டாக்டர் அப்பாவின் வயிற்றில் ஒரே இடத்தில் கருவியை வைத்துத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தபோதுதான்.

மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எண்டோஸ்கோப்பி வழியாகப் பித்தநாளத்தில் ஒரு ஸ்டென்ட், அதாவது அடைப்பைத் திறந்து வைக்கும் சின்னக் குழாய், வைத்தார்கள். மஞ்சள் குறையத் தொடங்கியது, அரிப்பு நின்றது. அப்பாவுக்கு முகமே மாறிவிட்டது. இதற்கிடையில் பயாப்ஸி முடிவு வந்தது. கட்டி கணையத்தின் தலைப்பகுதியில், கல்லீரலிலும் பரவியிருந்தது. புற்றுநோய் டாக்டரைப் பார்க்க செப்டம்பர் 8ஆம் தேதி டோக்கன் 47. காலை 9 மணிக்கு உட்கார்ந்து மதியம் இரண்டே காலுக்குக் கூப்பிட்டார்கள். அப்பாவும் நானும் உள்ளே போனோம். டாக்டர் ஃபைலைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், "பேஷன்ட் கொஞ்சம் வெளிய உட்காரட்டும்" என்றார். அப்பா எழுந்து தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு, ஒன்றும் கேட்காமல் வெளியே போனார். அந்த நிமிஷத்தில்தான் எங்களுடைய எல்லாத் தவறும் தொடங்கியது என்று நினைக்கிறேன். நான் "இருங்கப்பா" என்று சொல்லியிருக்க வேண்டும். குறைந்தபட்சம், "அப்பாவும் கேக்கணும்னு நினைச்சா கேக்கட்டுமே சார்" என்றாவது சொல்லியிருக்கலாம்.

அதன்பின் டாக்டர் பேசியது நாலு நிமிஷம் இருக்கும். நாலாவது ஸ்டேஜ், ஆபரேஷன் முடியாது, கீமோ கொடுத்துக் கட்டுப்படுத்தலாம், "இந்த மருந்துல நாலு பேர்ல ஒருத்தருக்கு நல்ல ரெஸ்பான்ஸ் இருக்கும்மா, ட்ரை பண்ணலாம்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் நான் கேட்டது வேறு. நாலு பேரில் ஒருத்தருக்குக் குணமாகும் என்று என் காதில் விழுந்தது. நாலில் ஒன்று என்றால் குறைவில்லையே, அப்பா வாழ்நாளில் பீடி கூடத் தொட்டதில்லையே, அந்த ஒருத்தர் அவராகத்தான் இருப்பார் என்று வெளியே வரும்போதே முடிவு கட்டிவிட்டேன். ரெஸ்பான்ஸ் என்று அவர் சொன்னது கட்டி சுருங்குவதை. சுருங்கினாலும் அது திரும்ப வளரும், கிடைப்பது சில மாதங்கள் என்பதுதான் அந்த வாக்கியத்தின் முழு அர்த்தம். அதை அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. ஏழு லட்சம் ரூபாயின் கதை இந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

இந்தச் சொற்களை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். "கட்டுப்படுத்தலாம்" என்றால் குணப்படுத்துவது இல்லை. "ஸ்டேபிள்" என்று ஸ்கேனைப் பார்த்துச் சொன்னால் கட்டி பெரிதாக வளரவுமில்லை, சுருங்கவுமில்லை. ஐ.சி.யு.வில் அதே "ஸ்டேபிள்" என்றால் இந்த நிமிஷத்தில் பி.பி.யும் நாடியும் ஏறி இறங்காமல் இருக்கிறது, அவ்வளவுதான், ஆபத்து நீங்கிவிட்டது என்று பொருளில்லை. "ட்ரை பண்ணலாம்" என்றால் பலன் கிடைக்கும் என்ற நம்பிக்கை அவருக்கே அதிகம் இல்லை என்று எடுத்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேளுங்கள். என்ன கேள்வி? "சார், இந்தச் சிகிச்சை நோயைக் குணமாக்கவா, கொஞ்ச காலம் தள்ளிப்போடவா, கஷ்டத்தைக் குறைக்கவா?" இந்த மூன்றில் எது என்று நேராகக் கேட்டுவிடுங்கள். அடுத்து, "எதுவுமே செய்யாம விட்டா என்ன ஆகும்?" அப்புறம் ரொம்ப முக்கியமானது, கேட்டதைத் திருப்பிச் சொல்வது. "நான் புரிஞ்சுக்கிட்டது இதுதான் சார், சரியா?" என்று நம் வாயால் ஒரு தடவை சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு நான் "அப்போ நாலு பேர்ல ஒருத்தருக்குச் சரியாயிரும், அப்படித்தான சார்?" என்று கேட்டிருந்தால் அவர் நிச்சயம் திருத்தியிருப்பார். அதற்கு அரை நிமிஷம் போதும்.

வெளியே வந்ததும் அப்பா கேட்டார், "என்ன சொன்னாரு பாப்பா?" எனக்கு 41 வயது, இன்னும் பாப்பாதான். "குழாயில அடைப்பு இருக்குதாம்ப்பா, ஊசி போட்டா கரைஞ்சிருமாம்" என்றேன். அன்று இரவு சித்தப்பா போன் பண்ணி, "அண்ணங்கிட்ட மட்டும் மூச்சு விட்டுராத தாயி, கேட்டாலே மனசு ஒடைஞ்சு போயிரும்" என்றார். தம்பியும் அதையே சொன்னான். எல்லோரும் அன்பில்தான் சொன்னார்கள். அன்றிலிருந்து நான் வீட்டில் ஃபைலை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். போனில் பேச மொட்டைமாடிக்குப் போனேன். மாத்திரை அட்டையில் பெயர் இருக்கும் பக்கத்தைக் கிழித்துவிட்டுக் கொடுத்தேன். மூன்று மாதம் அப்பாவின் முகத்தைப் பார்த்து நான் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பாரம் எப்படிப்பட்டது என்று மறைத்தவர்களுக்குத்தான் தெரியும்.

கீமோ செப்டம்பர் 20ஆம் தேதி தொடங்கியது. மூன்று சுற்றுக்கு 1,71,000 ரூபாய். என் நகை 14 பவுன் அடகுக்குப் போனது இதற்குத்தான். பிறகுதான் தெரிந்தது, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டை எங்கள் வீட்டு பீரோவிலேயே, அம்மாவின் ரேஷன் கார்டோடு ரப்பர் பேண்ட் போட்டு இருந்தது என்று. ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை அதில் உண்டு. ஆனால் நாம் பணத்தைக் கட்டிவிட்டு அப்புறம் போய்க் கேட்க முடியாது. சேரும்போதே ஆஸ்பத்திரி அதன் வழியாக அனுமதி வாங்க வேண்டும், அந்த ஆஸ்பத்திரி அந்தச் சிகிச்சைக்குத் திட்டத்தில் இருக்கவும் வேண்டும். சிகிச்சைக்குச் சம்மதம் சொல்லும் முன் காப்பீட்டு கவுன்டரில் கேளுங்கள். அங்கே இல்லை என்றால் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று கேளுங்கள். பணத்தைப் பற்றிப் பேசினால் டாக்டர் தவறாக நினைப்பாரோ என்று நான் கூச்சப்பட்டேன். "எங்களால இவ்வளவுதான் முடியும் சார், அதுக்குள்ள என்ன செய்யலாம்?" என்பது கேவலமான கேள்வி இல்லை. டாக்டருக்கும் அது தெரிந்தால்தான் பொருத்தமாக ஒரு வழி சொல்ல முடியும்.

புற்று உடம்பில் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று பார்க்கும் பெட் ஸ்கேன் இரண்டு தடவை, மொத்தம் 34,000. முதல் பெட் ஸ்கேனுக்கு முன்னாலேயே நோய் கல்லீரலுக்குப் பரவியது சி.டி.யிலும் பயாப்ஸியிலும் தெரிந்துவிட்டது. எங்களைப் பொறுத்தவரை அதனால் எதுவும் மாறவில்லை. இப்போது யார் கேட்டாலும் இதை மட்டும் சொல்கிறேன்: ஒவ்வொரு டெஸ்டுக்கு முன்னும் "இதுல என்ன வந்தாலும் சிகிச்சை மாறுமா சார்?" என்று கேளுங்கள். மாறும் என்றால் எடுங்கள். இரண்டாவது ஸ்கேன் தீபாவளிக்கு இரண்டு நாள் முன் எடுத்தோம். "ஸ்டேபிளா இருக்கு" என்றார் டாக்டர். நான் ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கினேன். அப்பா அன்றைக்கு ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். சாப்பிடவில்லை. வாய் கசக்கிறது என்று நினைத்தேன்.

நவம்பர் 30ஆம் தேதி இரவு அப்பாவுக்கு உடம்பு தூக்கிப் போடும் அளவுக்குக் குளிர் காய்ச்சல். கீமோ ஊசியால் வரும் காய்ச்சல் என்று நானே நினைத்துக்கொண்டு பாராசிட்டமால் கொடுத்தேன், இரண்டு போர்வை போர்த்தினேன். மறுநாள் கண் மறுபடி மஞ்சள். டிசம்பர் 2ஆம் தேதி விடியற்காலை அப்பா பேச்சில் குழறினார். ஆம்புலன்ஸில் மதுரை. நேராக ஐ.சி.யு. ஸ்டென்ட் அடைத்து, பித்தநாளத்தில் கிருமி சேர்ந்து, ரத்தத்தில் கலந்துவிட்டது. ஆறு நாள், 2,86,000 ரூபாய். இரண்டாவது நாள் டூட்டி டாக்டர், சின்னப் பையன், என்னிடம் கேட்டார்: "ஸ்டென்ட் மாத்தச் சொல்லியிருந்தாங்களேம்மா, ஏன் வரல?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆகஸ்டில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியைத் திருப்பிக் காட்டினார். மூன்றாம் பக்கம், மருந்துப் பட்டியலுக்குக் கீழே, கையெழுத்துக்கு மேலே ஆங்கிலத்தில் ஒரே வரி: பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைக்கப்பட்டுள்ளது, மூன்று மாதத்தில் மாற்ற வேண்டும். பிளாஸ்டிக் ஸ்டென்ட் நாளாக நாளாக அடைத்துக்கொள்ளும், அதனால் மாற்றியாக வேண்டும். அதை யாரும் வாயால் சொல்லவில்லை. வயிற்று டாக்டர் வைத்தார், புற்றுநோய் டாக்டர் ஊசி போட்டார், இரண்டு பேருக்கும் நடுவில் அந்த ஒரு வரி கிடந்தது. நான் பள்ளிக்கூடத்து டீச்சர், ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவள். அந்தத் தாளை அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிட்டு மூன்று மாதம் பிரித்துப் பார்க்கவில்லை.

இதை எழுதும்போது இன்னும் கை நடுங்குகிறது. தயவுசெய்து டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் பில் கட்டிய களைப்பில் வந்துவிடாதீர்கள். நர்ஸையோ டூட்டி டாக்டரையோ பிடித்து அந்தச் சம்மரியை வரிவரியாகத் தமிழில் கேட்டு, தேதியோடு காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். "எந்த அறிகுறி வந்தா காத்திருக்காம ஓடி வரணும்? ராத்திரின்னா யாருக்குப் போன் பண்ணணும்?" இந்த இரண்டையும் கேட்காமல் படியிறங்காதீர்கள். ஸ்டென்ட் வைத்தவருக்குக் குளிரோடு காய்ச்சல் வந்தாலும், கீமோ போட்டவருக்குக் காய்ச்சல் வந்தாலும் ஒரு ராத்திரி கூட வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

ஐ.சி.யு.வில் மூன்றாம் நாள் இரவு ஒரு மணிக்கு என்னை எழுப்பி, மூச்சு திணறினால் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைக்கலாமா என்று கேட்டு ஒரு தாளை நீட்டினார்கள். தம்பிக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. அப்பாவுக்கு என்ன விருப்பம் என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் அவருக்கு நோய் இருப்பதாகவே நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கையெழுத்துப் போட்டேன். நல்லவேளையாக அது தேவைப்படவில்லை. இப்படிப்பட்ட நிலைமையில் தனக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று ஒருவர் நல்ல நினைவோடு இருக்கும்போதே எழுதி வைக்க நம் நாட்டில் 2018இலிருந்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வழி செய்திருக்கிறது. 2023 ஜனவரியில் அந்த நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும் என்று ஆக்கினார்கள். அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், "அப்படி ஒரு நெலமை வந்தா மிஷின்ல வைக்கணுமாப்பா?" என்று ஒரு சாயங்காலம் கேட்டிருக்கலாம். அந்த ராத்திரி நான் அவ்வளவு தவித்திருக்க மாட்டேன்.

டாக்டர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரே காலையில் 60 பேரைப் பார்க்கிறவர் ஒவ்வொருவரிடமும் மரணத்தைப் பற்றிப் பொறுமையாகப் பேசுவது லேசான காரியம் இல்லை. மருத்துவப் படிப்பில் நோயாளியிடம் பேசும் முறையை எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு முறையான பாடமாக வைத்ததே 2019இல்தான். இன்றைக்குப் பெரிய டாக்டராக இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் நோயின் கடுமையைக் கூட்டியும் சொல்லக் கூடாது, குறைத்தும் சொல்லக் கூடாது என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளிலேயே இருக்கிறது. அதே விதிகளில், நோயாளியோ அவர் சார்பில் பொறுப்பானவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளைக் கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. வேறு டாக்டரிடம் கருத்துக் கேட்க நினைப்பவர்கள் ரிப்போர்ட்டோடு பயாப்ஸி ஸ்லைடையும் பிளாக்கையும் (பரிசோதனைக்கு எடுத்த சதையைப் பதப்படுத்தி வைத்தவை) கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் போகிற இடத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுக்கச் சொல்வார்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று நான் பயந்தேன். ரெக்கார்ட் பிரிவில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன், இரண்டாம் நாள் கொடுத்துவிட்டார்கள்.

அந்த ஃபைலோடு, என்னோடு வேலை பார்க்கும் ஒரு டீச்சர் சொல்லி, டிசம்பர் 14ஆம் தேதி வலி மற்றும் நோய்த்தணிப்பு மருத்துவம் பார்க்கும் ஒரு டாக்டரம்மாவிடம் அப்பாவைக் கூட்டிப்போனேன். நோய்த்தணிப்பு என்றால் கைவிட்டவர்களுக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2010இல் அமெரிக்காவில் முற்றிய நுரையீரல் புற்றுநோய்க்காரர்களிடம் நடத்திய ஓர் ஆய்வில், தொடக்கத்திலிருந்தே இந்தச் சிகிச்சையையும் சேர்த்துப் பெற்றவர்கள் கஷ்டம் குறைந்து, மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் காலமும் வாழ்ந்தார்கள் என்று பின்னால் படித்தேன். செப்டம்பரிலேயே எங்களுக்கு யாராவது சொல்லியிருக்கலாம். அந்த அம்மா மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அப்பாவின் முழங்கால் பக்கத்தில் உட்கார்ந்தார். யாரையும் வெளியே போகச் சொல்லவில்லை. முதலில் வலி எங்கே, தூக்கம் வருகிறதா என்று கேட்டார். அப்புறம், "ஐயா, உங்க உடம்புக்கு என்னன்னு நீங்க நினைக்கிறீங்க?" என்றார்.

அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். "புத்துதானம்மா" என்றார். எனக்குக் காலுக்குக் கீழே தரை இல்லாத மாதிரி இருந்தது. "எப்பத்துல இருந்து தெரியும்யா?" "மொத ஊசி போட்டாங்கள்ல, அன்னிக்கே. இது மருந்து வாங்கக் கீழ போயிருந்துச்சு. பக்கத்து நாற்காலிக்காரரு, உங்களுக்கு எந்த எடத்துலன்னு கேட்டாரு. எனக்கு எங்கயும் இல்ல, அடைப்புன்னேன். இங்க எல்லாருக்கும் அதுதான்னு சொன்னாரு." "வீட்ல ஏன் கேக்கல?" "பிள்ளைக மறைக்குதுக. நான் கேட்டா அதுகளுக்குத் தாங்காது." நாங்கள் அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தோம், அவர் மூன்று மாதமாக எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். மைசூர்பாகைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பார்த்த பார்வை அப்போதுதான் எனக்கு விளங்கியது.

டாக்டரம்மா அடுத்துக் கேட்ட கேள்விதான் எனக்கு மறக்கவே மறக்காது. "இனிமே எப்படி இருக்கும்னு நான் சொல்லணுமா, இல்ல மகள்கிட்ட மட்டும் சொன்னாப் போதுமா? உங்க இஷ்டம்தான்." எல்லோருக்கும் எல்லாவற்றையும் சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை. சிலர் வேண்டாம் என்பார்கள், அதுவும் அவர்கள் உரிமை. ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியவர் நோயாளிதான். அப்பா, "எனக்கே சொல்லுங்க. எனக்குக் கணக்கு முடிக்க வேண்டியிருக்கு" என்றார். "மாசக்கணக்குல இருக்காதுய்யா. வாரக்கணக்குதான்னு நினைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவர் பேசாமல் இருந்தார். ஒரு நிமிஷத்துக்கும் மேல் யாரும் பேசவில்லை. அப்பா தன் வேட்டி ஓரத்தை மடித்து, கட்டைவிரல் நகத்தால் அழுத்தி நீவிக்கொண்டிருந்தார், அச்சகத்தில் அச்சடித்த ஃபாரத் தாளை மடிக்கிற மாதிரியே. அப்புறம், "வலி மட்டும் வராமப் பாத்துக்கிட்டாப் போதும்மா" என்றார். முதலில் பக்கத்தில் வந்து உட்கார்வது, என்ன தெரியும் என்று கேட்பது, எவ்வளவு தெரிய வேண்டும் என்று கேட்பது, பிறகு சொல்வது, சொன்ன பின் அவர்கள் மனம் அடங்கும்வரை காத்திருப்பது, கடைசியில் அடுத்து என்ன செய்யலாம் என்று பேசுவது. 2000ஆம் ஆண்டிலேயே புற்றுநோய் மருத்துவர்களுக்காக ஆறு படிகளாக எழுதி வைத்த முறை இது என்று பின்னால் தெரிந்தது. அன்றைக்கு ஆன நேரம் 25 நிமிஷம், ஃபீஸ் 300 ரூபாய்.

மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். சித்தப்பா, "அதக் குடுத்தா சீக்கிரம் முடிஞ்சிரும்" என்று பயமுறுத்தினார். அந்தப் பயத்தையும் அப்படியே டாக்டரம்மாவிடமே கேட்டேன், அவர் போனில் சித்தப்பாவிடமே பேசினார். வலி வந்த பிறகு கொடுப்பதில்லை, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை நேரம் தவறாமல் கொடுப்பது. கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து கட்டாயம் வேண்டும். அளவை டாக்டர் பார்த்துக் கூட்டினால் அது உயிரை எடுக்கிற மருந்து இல்லை. முன்பு இந்த மாத்திரை கிடைப்பதே கஷ்டம். போதைப்பொருள் சட்டத்தை 2014இல் திருத்திய பிறகு கொஞ்சம் எளிதாகியிருக்கிறது, ஆனாலும் அனுமதி பெற்ற ஆஸ்பத்திரிகளில்தான் கிடைக்கும், தெருமுனை மெடிக்கலில் கிடைக்காது. மூன்றாம் நாள் அப்பா ராத்திரி முழுக்கத் தூங்கினார். வீட்டுக்கே நர்ஸ் வந்து பார்த்தார். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய்த்தணிப்புக் கவனிப்பும் உண்டு. அதுவரை நான் அதை பி.பி., சுகர் மாத்திரைக்கான திட்டம் என்றே நினைத்திருந்தேன். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், 104க்குப் போன் செய்தும் கேட்கலாம்.

மறைக்க ஒன்றும் இல்லாமல் போனதும் வீடே லேசாகிவிட்டது. அம்மா அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார், அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். 45 வருஷத்தில் நாங்கள் பார்க்க அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. தம்பி திருப்பூரிலிருந்து வந்து பத்து நாள் இருந்தான். ஜனவரி 1ஆம் தேதி புது தினசரி காலண்டரை அப்பாவே மடியில் வைத்துப் பார்த்தார். தகரக் கிளிப்பைத் தடவி, "அடிச்சது சரியில்ல, ரெண்டாம் மாசமே கழண்டுரும்" என்றார். தம்பி வேறு ஆணி அடித்து மாட்டினான்.

கணக்கு என்று அவர் சொன்னது கொடுக்கல் வாங்கலை. எதற்கும் தாள் கிடையாது, எல்லாம் அவர் மனதில்தான். நான் பள்ளிக்கூடத்து நோட்டு ஒன்றில் எழுதினேன். அச்சகத்தில் கூட வேலை பார்த்தவர்கள் தர வேண்டியது எட்டுப் பேர், இவர் தர வேண்டியது மூன்று பேருக்கு. தினமும் காலையில் மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தெளிவாக இருப்பார், அப்போது இரண்டு பேர், மூன்று பேர் என்று சொல்லுவார். தெளிவு குறைந்துகொண்டே வந்தது. ஜனவரி 4ஆம் தேதி, "கோட்டூர்க்காரருக்கு 4,000" என்றார். "யாருப்பா கோட்டூர்க்காரர்?" என்றேன். "நல்ல மனுசன்" என்றார், தூங்கிவிட்டார். மறுநாள் கேட்டேன், பதில் வரவில்லை. தர வேண்டிய மற்ற இரண்டு பேருக்கும் கொடுத்துவிட்டேன். அச்சகத்தில் விசாரித்தேன், டீக்கடையில் விசாரித்தேன், பஸ் ஸ்டாண்டு பக்கம் அவர் உட்காரும் சலூனிலும் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. எட்டு 500 ரூபாய் நோட்டு அந்த நோட்டுப் புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது.